ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

1

உடம்பு மெலிவதற்கு ஊசி போடப்போகிறேன் என்று ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற சனத்துக்குள் வளர்ந்தவள், சாப்பாட்டைக் குறைக்க மருந்து தேடுகிறாளாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள் என்ற கூச்சம். இப்போது எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும் என்று அக்காவும் சொல்லிவிட்டாள்.

ரொறன்ரோவில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கூடமொன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். குளிரறைக்குள் நின்றபடி சின்னத் தட்டுகளில் சோற்றையும் கோழித் துண்டையும் அளந்து வைக்கும் வேலை. எனக்கு வயது ஐம்பது. நிறை நூற்றிரண்டு கிலோ. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. சீனி வருத்தம் வாசலில் நிற்கிறது என்று டொக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. கணவர் லொறி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகள் மதுரா பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம்.

என் பக்கத்தில் நின்று வேலை செய்த குஜராத்திப் பெண்ணொருத்தி ஒரு வருடத்துக்குள் பாதியாகிவிட்டாள். மேசை துடைக்கக் குனிந்து நிமிர்வதைப் பார்த்தால் வேறு யாரோ என்று இருக்கும். கேட்டபோது, வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போடுகிற ஊசி என்றாள். அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில், படியில் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்து என்னை நானே இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த கிழமை டொக்டரிடம் போனேன். அவர் மறுக்கவில்லை.

2

ஊசியைத் தொடங்குவதற்கு முன்னால் ஆயத்தங்கள் இருக்கின்றன என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். அவள் பிலிப்பீனோ. மிகவும் பொறுமையானவள். நான் மதுராவை மொழிபெயர்க்கக் கூட்டிப் போயிருந்தேன். கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் மருந்து, வரி, வங்கி என்றால் எனக்கு மகள் வேண்டும். எட்டு வயதிலிருந்து அவள் செய்கிற வேலை அது. இப்போது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே செய்கிறாள்.

ஊசி பேனை மாதிரி இருந்தது. ஒரு பஞ்சுத் துண்டில் குத்திப் பழக்கினார்கள். வயிற்றில் எந்த இடம், தொடையில் எந்த இடம், எந்த நாளில் போட்டால் வேலைக்கு இடைஞ்சல் வராது, பொரியலை எப்படிக் குறைப்பது, ஓங்காளம் வந்தால் என்ன செய்வது, பாவித்த ஊசிகளைப் போட மஞ்சள் பெட்டி. எல்லாவற்றையும் மதுரா அரைவாசியாகச் சொன்னாள். நான் மிச்சத்தை ஊகித்தேன்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்து வைத்து, தன் கழுத்தின் அடியில் இரண்டு விரல்களை வைத்துக் காட்டி ஏதோ கேட்டாள்.

“உங்கட குடும்பத்தில ஆருக்கும் தொண்டைக்குள்ள கான்சர் இருந்ததோ எண்டு கேக்கிறா,” என்றாள் மதுரா.

“இல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லட்டாம்.”

“இல்லையெண்டு சொல்லு.”

மதுரா ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் கோடு போட்டாள். நான் கையெழுத்து வைத்தேன்.

அம்மாவின் திவசத்துக்கு அடுத்த மாதம் கிளிநொச்சிக்குப் போவதாக இருந்தேன். பயணத்தில் ஓங்காளித்துச் சத்தி எடுத்தால் கரைச்சல், திரும்பி வந்து தொடங்குங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் பேனைகளைப் பிரிட்ஜில் பட்டர் வைக்கும் தட்டில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் பால் எடுக்கையில் பார்ப்பேன். புதுச் சட்டை வாங்கி வைத்துவிட்டுப் பொங்கலுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பெட்டிக்குள் இருந்த தாளை விரித்தேன். எழுத்து எனக்கு விளங்கவில்லை. ஆனால் படம் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணின் கழுத்து. அதன் அடியில், குழிக்குச் சற்று மேலே, வண்ணத்திப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி.

அம்மாவுக்கு அந்த இடத்தில்தான் கழலை இருந்தது.

தாளைக் கொண்டுபோய் மதுராவிடம் காட்டினேன். “இது தொண்டையோ, கழுத்தோ?”

“ரெண்டும் ஒண்டுதானே அம்மா?”

“இல்லைப் பிள்ளை. தொண்டை உள்ளுக்கு. கழுத்து வெளியால.”

அவள் தாளை வாசித்தாள். முகம் கொஞ்சம் மாறியது. “அம்மம்மாக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டாள். அம்மம்மாவைப் பற்றி அவளாகக் கேட்ட முதற்கேள்வி அது.

“வெறும் கழலை,” என்றேன். “ஊரில கனபேருக்கு வாறது.”

“அப்ப பாமசிக்கு எடுத்துச் சொல்லுவமே?”

“பெரியம்மாவைக் கேட்டிட்டுச் சொல்லுவம்.”

உண்மையைச் சொன்னால், நான் அக்காவிடம் கேட்க நினைத்தது விடை தெரிவதற்காக இல்லை. அக்கா “கழலைதான்” என்று சொல்வாள், நானும் நிம்மதியாக ஊசியைப் போடலாம் என்பதற்காகத்தான்.

3

அம்மா இறந்தபோது நான் இங்கே இருந்தேன். மதுரா வயிற்றில். ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பதென்றால் அவர்கள் கடையொன்றில் போய்க் காத்திருக்க வேண்டிய காலம். கடைசி மாதங்களில் அம்மாவின் குரல் கரகரத்து, காற்று மட்டும் வருவது போல இருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்தேன். “சத்தமாக் கதையுங்கோ அம்மா,” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஒருதடவை அம்மாவை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியும். அங்கே திரும்பி வரச்சொல்லி ஒரு நாள் கொடுத்தார்களாம். அந்த நாளுக்கு முன்னால் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டுவிட்டது. பிறகு இடப்பெயர்வு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்காவின் வீடு இரணைமடுக் குளத்து வாய்க்காலை அண்டிய வயற்காணியில் இருக்கிறது. நான் போய் இறங்கிய அன்று அத்தான் வயலில். அக்காவின் மகள் கௌசி பள்ளிக்கூடத்தில். அவள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். ஆவணியில் கலியாணம், மாப்பிள்ளை பளைப் பக்கம்.

அக்கா படலைக்கு வந்தாள். ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. என்னைவிட நாலு வயது மூத்தவள், என் தங்கை மாதிரி நின்றாள்.

அந்த நேரத்தில் என் மனதில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பொறாமை வந்தது.

“என்னக்கா செய்யிறனீங்கள்? இப்பிடி மெலிஞ்சிருக்கிறீங்கள்?”

“வயல்ல நிக்கிறவளுக்கு எங்காலை சதை,” என்றாள். குரல் அடைத்திருந்தது. “தடிமன்” என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

திவசம் இரண்டு நாள் கழித்து. ஐயர் வந்து போனார். அக்கா விடிந்ததிலிருந்து சமைத்தாள். வாழையிலையில் எல்லாம் படைத்தாள். தான் மட்டும் ஒரு பிடி சோறு, அதையும் ரசத்தில் கரைத்துக் குடித்தாள். சாப்பிட்ட கையோடு வளவுக் கோடியிலிருக்கும் கக்கூசுக்குப் போனாள். அரை மணித்தியாலத்துக்குள் மறுபடியும். நான் வந்த நாளிலிருந்து இப்படித்தான் இருந்தது. கேட்டால் “தண்ணி சரியில்லை, வயித்தாலை போகுது” என்பாள். அதே தண்ணீரைத்தான் அத்தானும் கௌசியும் குடிக்கிறார்கள்.

அம்மாவுக்கும் கடைசி வருடங்களில் வயிறு சரியில்லை என்று யாரோ கடிதத்தில் எழுதியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

4

பின்னேரம் அத்தானும் கௌசியும் கலியாண அழைப்பிதழ் கொடுக்கப் போய்விட்டார்கள். அக்கா குசினியில் வடைச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது.

ஊசியைப் பற்றிச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

“நல்லதெண்டாப் போடன்,” என்றாள்.

“அதுக்கு முதல் ஒண்டு கேக்க வேணும். அம்மாவுக்கு இருந்தது கழலைதானே?”

சட்டியைத் தேய்க்கிற கை நின்றது.

“அதை ஏன் இப்ப கேக்கிறாய்?”

“குடும்பத்தில ஆருக்கும் கழுத்தில கான்சர் இருந்தா அந்த ஊசி போடக்கூடாதாம். கழலைதான் எண்டு நீங்கள் சொன்னாக் காணும்.”

அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, சேலையில் துடைத்தாள்.

“வவுனியாவில ஊசி குத்திப் பாத்தவை,” என்றாள். “புற்று எண்டுதான் சொன்னவை. எனக்கும் அத்தானுக்கும் மட்டுந்தான் தெரியும். அம்மாவுக்கும் சொல்லேல்லை.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீ வயித்தில பிள்ளையோட இருந்தனி. அந்த மாதிரி நேரத்தில என்னெண்டு சொல்லுறது?”

“பிறகு?”

“பிறகு எல்லாம் முடிஞ்சுதே. சொல்லி என்ன?”

வவுனியாவில் எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்டேன். ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் காணி உறுதிக் காகிதங்களோடு வைத்திருந்ததாகவும், இடம்பெயர்ந்தபோது தகரத்தை எங்கே விட்டோம் என்று தெரியாது என்றும் சொன்னாள். சொல்லும்போது கை தானாகப் போய்க் கழுத்துச் சேலையைச் சரிசெய்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக அக்காவின் கழுத்தை நான் பார்க்கவே இல்லை.

“அக்கா, சேலையை எடுங்கோ.”

“விசரோ உனக்கு?”

“எடுங்கோ அக்கா.”

அவள் எடுத்தாள். இடது பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. எச்சில் விழுங்கும்போது அதுவும் ஏறி இறங்கியது.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வரியமா. முந்தி இவ்வளவு இல்லை.”

“அத்தானுக்குத் தெரியுமோ?”

“கழலையெண்டு சொல்லியிருக்கிறன்.” அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. “பளைக்காரர் பேச வந்த அண்டைக்கு மாப்பிள்ளையின்ர தாய் கேட்டவா. உங்கட குடும்பத்தில வருத்தம் துன்பம் ஒண்டும் இல்லையே எண்டு. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். கௌசியின்ர கலியாணம் முடியட்டும். அதுக்குப் பிறகு நீ எங்க கூப்பிட்டாலும் வாறன். இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதை.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு அவளைக் கோபிக்க வாய் வரவில்லை. நானும் ‘இல்லை’ என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தவள்தான்.

5

கலியாணச் சேலை பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொல்லி, பரிசோதனை மட்டும் என்று இணங்க வைத்து, அக்காவைத் தெற்கே வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஏ9 வீதி இப்போது தார் மின்ன நேராகக் கிடக்கிறது. முன்பு மணிக்கணக்கில் காக்க வைத்த இடங்களைப் பஸ் நிற்காமலே கடந்தது. அக்கா யன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

டொக்டர் இளம்பெண். அக்காவை “அம்மா” என்று கூப்பிட்டுக் கதைத்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஸ்கான் எடுத்தாள். ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பினாள். வயிற்றாலை போகிறதா, முகம் திடீரென்று சூடாகிறதா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, ஓம், ஓம் என்று அக்கா தலையாட்டினாள். யாரோ பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துச் சொன்ன மாதிரி அவள் கேட்டாள்.

அம்மாவைப் பற்றி நான் சொன்னபோது டொக்டர் பேனையை எடுத்தாள். தாளில் வட்டங்கள் போட்டாள். அம்மாவுக்கு ஒரு வட்டம். அதைக் கறுப்பாக நிரப்பினாள். கீழே அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவற்றுக்குக் கீழே கௌசிக்கும் மதுராவுக்கும்.

“பரிசோதனை முடிவு வரட்டும். ஆனா நான் நினைக்கிற வகையெண்டா, இது பரம்பரையா வாறதாகவும் இருக்கலாம்,” என்றாள். “அப்பிடி இருந்தா, தாய்க்கு இருக்கிறது பிள்ளைக்கு வாறதுக்குப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம். முதலே கண்டுபிடிச்சாச் சுரப்பியை எடுத்துவிடலாம். பிள்ளைகள் கட்டாயம் பாக்க வேணும்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். “அந்த ஊசி தொடங்கிப்போட்டீங்களோ?”

“இல்லை.”

“தொடங்காதேங்கோ.”

அக்கா நிரப்பாத வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊரில் நிற்கும்போதே முடிவு வந்தது. டொக்டர் நினைத்ததுதான். ஒப்பரேசனுக்கு நாள் தந்தார்கள். அக்கா கலியாணத்துக்குப் பிறகு என்று நின்றாள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். “உனக்குக் கனடாவில ஒரு பிள்ளை, அதுக்கு இன்னும் காலமிருக்கு. எனக்கு இந்தப் பிள்ளையை ஒரு இடத்தில சேர்க்க வேணும்,” என்றாள். 

நான் புறப்படுவதற்கு முந்திய நாள் காலை, கௌசியோடு பள்ளிக்கூடம் வரை நடந்தேன். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். வாய்க்கால் மதகில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என் வாயாலேயே போனது.

கௌசி அழவில்லை. “எனக்கும் இருக்குமோ சித்தி?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியாது. பாத்தாத்தான் தெரியும்.”

மணி அடித்தது. அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே போனாள்.

அன்று பின்னேரம் அவள் மாப்பிள்ளைக்குத் தானே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் நான் புறப்படும்போது அக்கா படலைக்கு வரவில்லை.

6

இங்கே வந்ததும் பேனைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் படிவத்தை எடுத்து, பழைய கோட்டை வெட்டி, ‘ஆம்’ என்ற பெட்டியில் போடச் சொன்னாள். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் வைக்க வேண்டியிருந்தது.

பரம்பரை நோய்ப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவின் மருத்துவ ஆவணங்கள் வேண்டுமாம். இல்லை என்றேன். அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்கலாமே என்றார். கொப்பி இடம்பெயர்வில் தொலைந்தது, கடைசியாக மருந்து கொடுத்த ஆஸ்பத்திரியே மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி இயங்கியது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மதுராவைப் பார்த்தேன். அவள் தொலைபேசியை வாங்கி இரண்டு நிமிடம் கதைத்தாள். என்ன சொன்னாளோ, அவர் பிறகு ஆவணம் கேட்கவில்லை. அக்காவின் அறிக்கையே போதும் என்றார்.

என் இரத்தத்தை எடுத்தார்கள். எனக்கும் அந்தப் பரம்பரைக் கூறு இருக்கிறது. சுரப்பிக்குள் ஒரு சின்னக் கட்டி, வெளியே தெரியாதது. வரும் மாதம் எடுக்கிறார்கள். பரவியிருக்கிறதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நிறையைப் பற்றி இப்போது ஒருவரும் கேட்பதில்லை. இந்த மாதம் ஏழு கிலோ குறைந்திருக்கிறேன். அது யோசனையில் குறைந்ததா, வேறு எதிலாவதா என்று டொக்டர் எழுதிக்கொண்டார்.

அக்காவுக்கு ஒப்பரேசன் முடிந்தது. கௌசிதான் சண்டை பிடித்துக் கூட்டிப் போனாள். அக்கா ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தாள். பிறகு ஒருநாள் அவளாகவே தொலைபேசி எடுத்தாள். குரலில் காற்றுத்தான் வந்தது. “சத்தமாக் கதையுங்கோ” என்று நான் சொல்லவில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எனக்கு எல்லாத்தையும் எடுக்க முடியேல்லையாம்,” என்றாள். “கொஞ்சம் பிந்திப்போச்சாம். கௌசிக்கு இல்லையடி. அவளுக்கு இல்லை. நீ இதை எழுது. எங்களை மாதிரிச் சேலையால மூடிக்கொண்டு திரியிறவை எங்கயும் இருப்பினம்.”

பளையிலிருந்து, கௌசியின் அம்மாவுக்கு உடம்பு தேறட்டும், பிறகு நாள் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆவணி போய்விட்டது. மாப்பிள்ளை இரண்டு தடவை வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனானாம். தாய் வரவில்லை.

மதுராவும் இரத்தம் கொடுத்தாள். என்னைக் கூட வரவேண்டாம் என்றாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் முடிவு அவளுக்குத்தான் சொல்லப்படும், தாய்க்கு இல்லை. சட்டம் அது. அவளும் ஒருநாள் காரில் வைத்துச் சொன்னாள்.

“அம்மா, எனக்கு இருந்தா, அதை உங்களுக்குச் சொல்லுறதோ இல்லையோ எண்டு நான்தான் முடிவெடுப்பன். உங்கட ஒப்பரேசன் முடியுமட்டும் நீங்கள் கேக்கக்கூடாது.”

போன செவ்வாய்க்கிழமை அவளைக் கிளினிக்குக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். கை கழுவினாள். நான் இடியப்பமும் சொதியும் வைத்திருந்தேன். வழக்கமாக இரண்டு சாப்பிடுகிறவள் நாலு சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்றாள். என்னோடு தமிழிலேயே கதைத்தாள். ஒரு ஆங்கிலச் சொல்லும் கலக்காமல், தேடித் தேடி, கௌசி அக்காவைப் பற்றி, பல்கலைக்கழகச் சோதனையைப் பற்றி, வெளியே பெய்த பனியைப் பற்றி. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சின்ன வயதில் செய்வது போல என் தோளில் முகத்தை வைத்து நின்றாள்.

இன்றைக்கு ஆறாவது நாள். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.